வீட்டு பிபி மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? பிழைகளை ஒவ்வொன்றாகக் களையும் முழு வழிகாட்டி

பிபி மெஷின் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் நடப்பது பெரும்பாலும் இதுதான். அப்பாவுக்கு 152/88 காட்டுகிறது. நம்பாமல் உடனே மறுபடி பொத்தானை அழுத்தினால் 139/84. பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வந்து பார்த்தால் அது 134 என்கிறது. டாக்டரிடம் போனால் 160. எது நிஜம் என்று புரியாமல், "இந்த எலக்ட்ரானிக் மெஷினே இப்படித்தான்" என்று அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நாலில் மனதுக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

இந்தக் குழப்பத்தில் மெஷினின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பட்டையின் அளவு, கை இருக்கும் உயரம், உட்கார்ந்த விதம், அவசரம் இவைதான் பெரும்பங்கு. இவற்றில் சில பிழைகள் சராசரி எடுத்தால் கரைந்துவிடும். சில பிழைகள் நூறு தடவை அளந்தாலும் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. சுருக்கமாகப் புள்ளி என்று சொல்கிறேன். மேலே வரும் பெரிய எண் மேல் பிரஷர், அதாவது சிஸ்டாலிக். கீழே வருவது கீழ் பிரஷர், டயஸ்டாலிக்.

மெஷின் உண்மையில் எதை அளக்கிறது?

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும் முறை, ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரோட்காஃப் 1905இல் விவரித்தது. பட்டையில் காற்றை ஏற்றி ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, மெதுவாக இறக்கும்போது சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று காதால் கேட்பது. வீட்டு மெஷின் எதையும் கேட்பதில்லை. அதில் மைக் கிடையாது. காற்றழுத்தத்தை உணரும் சென்சார் ஒன்றுதான் இருக்கிறது.

பட்டை இறுகியிருக்கும்போது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கையின் ரத்தக்குழாய் விரிந்து சுருங்கும். அந்த அசைவு பட்டைக்குள் இருக்கும் காற்றில் மிகச் சின்ன அதிர்வாகப் பதிவாகும். காற்று இறங்க இறங்க அந்த அதிர்வு சிறிதாகத் தொடங்கி, பெரிதாகி, உச்சம் தொட்டு, மறுபடி சிறுக்கும். சில மெஷின்கள் காற்று ஏறும்போதே இதைப் பதிவு செய்துவிடும். உச்சம் எங்கே வருகிறதோ, அந்த அழுத்தம் ஏறக்குறைய சராசரி ரத்த அழுத்தம். மெஷின் ஓரளவு நேரடியாகக் காண்பது இது ஒன்றைத்தான். மேல் பிரஷரையும் கீழ் பிரஷரையும் அந்த அதிர்வுகளின் வடிவத்தை வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்குப் போட்டுச் சொல்கிறது.

அந்தச் சூத்திரம் ஒவ்வொரு கம்பெனியின் தொழில் ரகசியம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட அது வேறாக இருக்கலாம். அதனால்தான் ஒரே கையில் இரண்டு மெஷின்கள் ஐந்தாறு புள்ளி வித்தியாசம் காட்டும். இரண்டில் ஒன்று கெட்டுப்போனது என்று அதற்கு அர்த்தமில்லை.

நிலையான பிழை, அலையும் பிழை

உங்கள் பிரஷரே துடிப்புக்குத் துடிப்பு மாறுகிறது. மூச்சு, யோசனை, வாசலில் காலிங்பெல் என்று எல்லாமே அதை அசைக்கும். இது ஒருமுறை மேலே போகும், ஒருமுறை கீழே வரும். பல ரீடிங் எடுத்துச் சராசரி பார்த்தால் இந்த ஆட்டம் அடங்கிவிடும்.

சிறிய பட்டை அப்படியல்ல. அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். தாழ்வாக வைத்த கையும் அப்படித்தான். எடைக்கல் தப்பாக இருக்கும் தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் தப்பான எடையே வருவது போல, இந்தப் பிழைகளைச் சராசரியால் ஒன்றும் செய்ய முடியாது. "பத்து தடவை பார்த்தேன், பத்திலும் 150தான், அப்ப சரியாத்தானே இருக்கும்?" என்று சொல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நிலையான பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். அப்புறம் சராசரி.

படி 1: டேப் எடுத்துக் கையை அளங்கள்

எல்லாவற்றிலும் பெரிய பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆனால் மெஷின் வாங்குபவர்களில் எத்தனை பேர் கையை அளந்துவிட்டு வாங்குகிறார்கள்?

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். சட்டையில்லாத கையை மடக்கி, தோளின் நுனி எலும்பிலிருந்து முழங்கையின் நுனி எலும்பு வரை நீளம் பாருங்கள். அதில் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் சுற்றளவு எடுங்கள். டேப் தோலை அழுத்தக்கூடாது.

இப்போது பட்டையின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் பாருங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கு. 22 முதல் 42 வரை என்று போட்ட அகலப் பட்டைகளும் கிடைக்கின்றன. உங்கள் எண் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பட்டைக்குள் காற்று நிரம்பும் பை, கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். அதன் அகலம் சுற்றளவில் 40 சதவீதம் அளவுக்கு இருக்க வேண்டும். இதுதான் பழைய, இன்றும் செல்லுபடியாகும் விதி.

ஏன் இவ்வளவு கறார்? சிறிய பட்டை கையைப் போதிய பரப்பில் அழுத்தாது. ரத்தக்குழாயை அடைக்க அதற்குள் அதிகக் காற்றழுத்தம் தேவைப்படும், மெஷின் அந்த அதிக எண்ணையே உங்கள் பிரஷராகக் காட்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் பிரஷர் சராசரியாக 4.8 புள்ளி கூடுதலாக வந்தது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு அதே சாதாரணப் பட்டையைப் போட்டபோது 19.5 புள்ளி. ஒருவருக்கு உண்மையில் 125 என்றால் மெஷின் 144 என்று சொல்லும். தேவையில்லாத மாத்திரை தொடங்குவதற்கு இது தாராளமாகப் போதும்.

அதே ஆய்வில் சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது 3.6 புள்ளி குறைவாக வந்தது. நம் வீடுகளில் இதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். எழுபது, எண்பது வயதில் கை மெலிந்து 20, 21 செ.மீ.க்கு வந்துவிட்ட பாட்டிகள் ஏராளம். அவர்கள் கையில் பட்டை இரண்டு சுற்று வந்து, வெல்க்ரோ ஒட்டுகிற இடமே தாண்டிப் போய்விடும். மெஷின் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். வீட்டிலும் "பாட்டிக்கு பிரஷரே இல்ல" என்று நிம்மதியாக இருப்பார்கள்.

மெஷினின் அதே கம்பெனி, அதே மாடலுக்கு என்று விற்கும் சிறிய அல்லது பெரிய பட்டையையே வாங்குங்கள். வேறு கம்பெனிப் பட்டை குழாயில் பொருந்தினாலும், அதன் துணியும் பையும் வேறு மாதிரி அதிரும். சூத்திரம் அந்த அதிர்வுக்கு எழுதப்பட்டதல்ல.

மேல்கை பருமனாகவும் முழங்கைப் பக்கம் ஒடுங்கியும் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பட்டையின் கீழ் விளிம்பு கையோடு ஒட்டாமல் வாயைப் பிளந்து நிற்கும். அந்த வடிவத்துக்கு ஏற்பக் கூம்பாக வெட்டிய பட்டைகள் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம்.

படி 2: சோதிக்கப்பட்ட மாடலா என்று பாருங்கள்

விலையை வைத்தோ, திரை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்தோ மெஷினை எடை போட முடியாது. பார்க்க வேண்டியது, அந்த மாடல் மனிதர்கள்மேல் சோதித்து உறுதி செய்யப்பட்டதா என்பதை மட்டுமே. ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கம்பெனி பெயர் மட்டும் பார்த்தால் போதாது, பெட்டியில் இருக்கும் மாடல் எண் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

தேறியது என்றால் என்ன? 2018இல் வந்த சர்வதேசத் தரவிதிப்படி, குறைந்தது 85 பேரிடம் பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுக்கும் அளவோடு மெஷின் ஒப்பிடப்படும். சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள்ளும், சிதறல், அதாவது அந்தச் சராசரியைச் சுற்றி வித்தியாசங்கள் பரவியிருக்கும் அளவு, 8 புள்ளிக்குள்ளும் இருந்தால் அந்த மெஷின் முதல் தேர்வில் பாஸ். கவனியுங்கள், இது கூட்டத்தின் சராசரி. சராசரிப் பிழை பூஜ்யமாக இருந்து சிதறல் அந்த 8ஐத் தொட்டாலே, ஏறக்குறைய ஐந்தில் ஒரு ரீடிங் 10 புள்ளிக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். நல்ல மெஷின்கள் இதைவிட நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் எல்லாருக்கும் பொருந்தும் மெஷின் உங்கள் ஒருவருக்கு மட்டும் பொருந்தாமல் போக வாய்ப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழி ஏழாவது படியில் வரும்.

மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம். கட்டுவது சுலபம்தான், ஆனால் அடுத்த படியில் வரும் உயரப் பிழை அதில் பல மடங்கு. மேல்கை மிகவும் பருத்து எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு. பட்டையே இல்லாமல் பிரஷர் சொல்லும் வாட்ச், மோதிரம் போன்றவற்றை நோயைக் கண்டறியவோ மருந்தை முடிவு செய்யவோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. கேமராவில் விரல் வைத்தால் பிபி சொல்லும் மொபைல் ஆப்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 3: நாற்காலியும் மேசையும்

ரத்தத்துக்கு எடை உண்டு. பட்டை இதயத்தைவிட 1 செ.மீ. தாழ்ந்தால் ரீடிங் சுமார் முக்கால் புள்ளி கூடும், உயர்ந்தால் அதே அளவு குறையும். 10 செ.மீ. என்றால் ஏழெட்டுப் புள்ளி. இது உடல்நலம் சம்பந்தப்பட்டதே அல்ல, வெறும் இயற்பியல்.

2024இல் வெளியான இன்னொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு இதை 133 பேரிடம் அளந்தது. மேசையில் சரியான உயரத்தில் கையை வைத்து எடுத்ததோடு ஒப்பிட்டால், மடியில் கை வைத்தபோது மேல் பிரஷர் 3.9, கீழ் பிரஷர் 4.0 புள்ளி கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது மேல் பிரஷர் 6.5, கீழ் பிரஷர் 4.4. கிளினிக்கில் ஸ்டூலில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, அந்தரத்தில் பிடித்துக்கொண்டே எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயரத்தோடு தசை இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். கை முழுப் பாரத்தையும் மேசைமேல் போட்டுவிட்டு ஓய்ந்திருக்க வேண்டும்.

இதய உயரம் எது என்று தேட வேண்டாம். நெஞ்சு எலும்பின் நடுப்பகுதி, ஏறக்குறைய சட்டையின் இரண்டாவது மூன்றாவது பட்டனுக்கு நேர். பட்டையின் நடுப்பகுதி அந்த மட்டத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு மேசை பெரும்பாலும் சரியாக இருக்கும். தாழ்வாக இருந்தால் கைக்கு அடியில் ஒரு தலையணை. மணிக்கட்டு மெஷின் ஏன் தொல்லை என்பது இப்போது புரியும்: மடியில் கை இருந்தால் மணிக்கட்டு இதயத்துக்கு ஒரு சாணுக்கு மேல் கீழே போய்விடும்.

முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் முதுகுக்கு ஆதரவில்லை. கால்மேல் கால் போட்டால் மேல் பிரஷர் 2 முதல் 8 புள்ளி வரை கூடலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர்கள் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அளக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் நாற்காலிக்கு வந்துவிடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்குக் கால் அந்தரத்தில் தொங்கினால் காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

படி 4: எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் அரை மணி நேரத்துக்குள் இருக்கக்கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள், அது ரீடிங்கை ஏற்றும். ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டும் வேண்டாம். அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இந்தச் சும்மாதான் கஷ்டம். மொபைலில் செய்தி பார்ப்பது சும்மா இருப்பதில் சேராது, சீரியலும் சேராது.

ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். 2015இல் முடிவுகள் வெளியான ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வு, 9,361 பேரை வைத்து, மேல் பிரஷரை 120க்குக் கீழே கொண்டுவந்தால் பலன் அதிகம் என்று காட்டியது. அதில் நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மெஷின் தானாகவே மூன்று ரீடிங் எடுக்கும். பல மையங்களில் ஊழியர்கள் அறையை விட்டே வெளியே போய்விடுவார்கள். அந்த 120ம், டோக்கன் கூப்பிட்டதும் ஓடிவந்து உட்கார்ந்து கொடுக்கும் 120ம் ஒன்றல்ல. இலக்கை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு அளக்கும் முறையை விட்டுவிட்டால், மருந்து தேவைக்கு மேல் ஏறும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு வந்ததும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டாதீர்கள். "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கறேம்மா" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 5: பட்டையைக் கட்டுவது

வெறும் கையில் கட்டுவதுதான் முறை. மெல்லிய துணிக்கு மேல் கட்டினால் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. உண்மையில் மோசமானது, சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவது. சுருட்டிய துணி மேல்கையை இறுக்கி, பட்டைக்கு மேலே இன்னொரு கட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடும். இறுக்கமான ரவிக்கைக் கையும் அப்படித்தான். பெண்கள் தளர்வான நைட்டியிலோ, கையைக் கழற்ற வசதியான உடையிலோ எடுப்பது நல்லது.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு மேலே 2, 3 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பட்டையில் ஒரு அம்புக்குறியோ கோடோ இருக்கும். அது முழங்கையின் உட்புறம் நாடி துடிக்கும் இடத்துக்கு நேராக வர வேண்டும். பட்டைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தொளதொளவென்று கட்டினால் காற்றுப் பை உப்பி நடுவில் மட்டும் அழுத்தும், ரீடிங் கூடும்.

மெஷின் ஓடும்போது பேசக்கூடாது. "எவ்ளோம்மா காட்டுது?" என்று கேட்பதும் பேச்சுதான். பேச்சு மேல் பிரஷரைப் பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். கை, விரல் எதையும் அசைக்கக்கூடாது. மெஷின் தேடுவதே நுண்ணிய அதிர்வை என்பதால், தசை அசைவை அது நாடி என்று எடுத்துக்கொள்ள முடியும். ஓடும் காரிலோ ஆம்புலன்ஸிலோ எடுத்த ரீடிங் சந்தேகத்துக்குரியது என்பதற்கும் காரணம் இதுதான்.

படி 6: இரண்டிரண்டாக, ஒரு வாரம்

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. எந்தக் கையில் தொடர்ந்து அதிகம் வருகிறதோ, இனி எப்போதும் அந்தக் கைதான். கைகளுக்கு நடுவே 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பக்க ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். இடது கையில்தான் பார்க்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது.

அப்புறம் ஏழு நாள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு ரீடிங். மாலையில் அல்லது படுக்கப் போகும் முன் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். உடனே அழுத்தினால் கையில் தேங்கிய ரத்தம் வடியாமல் ரீடிங் கெடும். முதல் ரீடிங் பெரும்பாலும் கொஞ்சம் அதிகமாகவே வரும், பயப்பட வேண்டாம்.

மொத்தம் 28 ஜோடி எண்கள். இந்த ஏழில் முதல் நாள் எடுத்த நான்கையும் விட்டுவிட்டு, மீதி 24இன் சராசரியைக் கணக்கிடுங்கள். ஏழு நாள் முடியாதவர்கள் மூன்று நாளாவது எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சராசரிக்கு மதிப்பில்லை.

மனித சுபாவம் விளையாடும் இடமும் இதுதான். 148 வந்தால் "சரியா உக்காரல" என்று மறுபடி எடுப்போம். 128 வந்தால் அதே குறையோடு உட்கார்ந்திருந்தாலும் எழுதிக்கொள்வோம். இப்படி வடிகட்டிய நோட்டைப் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு தப்பாகத்தான் போகும். வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள். 137ஐ 140 என்று முழுமையாக்கவும் வேண்டாம்.

வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் சேரும். கிளினிக்கில் அந்த எல்லை 140/90. இந்தியாவில் பொதுவாகப் பின்பற்றும் எல்லைகள் இவைதான். அமெரிக்கச் சங்கங்கள் 2017 முதல் 130/80 என்கின்றன. கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பதும் உண்டு, கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில் ஏறுவதும் உண்டு. இரண்டாவது வகையை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் அதுதான் அதிகம் கெடுதல் செய்யும். குழப்பம் தீராவிட்டால் 24 மணி நேரமும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, தூக்கத்திலும் தானாக அளக்கும் கருவியை டாக்டர் பரிந்துரைப்பார்.

படி 7: மெஷினை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்

வாங்கிய புதிதில் ஒருமுறை, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. ஒரே கையில், ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின், உங்கள் மெஷின், அவருடைய கருவி, மறுபடி உங்களுடையது, மறுபடி அவருடையது என்று மாற்றி மாற்றி, நிமிட இடைவெளியில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் இரண்டு கருவியைக் கட்டி ஒப்பிடுவது தப்பு, கைகளே வேறுபடலாம். இரண்டின் சராசரிக்கும் வித்தியாசம் 5க்குள் இருந்தால் நிம்மதி. 10க்கு மேல் போனால் அந்த மெஷின் உங்களுக்கு ஆகாது. நடுவில் இருந்தால் இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள்.

காலிபரேஷன் செய்து வாங்கி வந்தும் வித்தியாசம் போகவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். காலிபரேஷன் சரிபார்ப்பது காற்றழுத்த சென்சாரை மட்டும். அது 3 புள்ளிக்குள் சரியாக இருந்தால் தேறிவிடும். அதிர்விலிருந்து எண்ணை உருவாக்கும் சூத்திரத்தை அது தொடுவதேயில்லை. உங்கள் ரத்தக்குழாய்க்கும் அந்தச் சூத்திரத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

குழாயில் விரிசல், நைந்த வெல்க்ரோ, தளர்ந்த பேட்டரி இவை பெரும்பாலும் எரர் காட்டியோ, காற்று ஏறத் திணறியோ தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

மெஷின் தடுமாறும் உடல்கள்

இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பும் வேறு அளவில் வரும். அதிர்வின் வடிவமே கலைந்திருக்கும். மூன்று ரீடிங்காவது எடுத்துச் சராசரி பாருங்கள். தனி ரீடிங்கை நம்ப வேண்டாம். திரையில் அடிக்கடி ஒழுங்கற்ற துடிப்புக் குறி வந்தால் அது நோய் என்று முடிவுகட்டாமல் ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சோதிக்கப்பட்ட மாடல் வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்லாம்ப்சியாவில் பல மெஷின்கள் குறைத்துக் காட்டும். எண் சாதாரணமாக இருந்தாலும் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயதானவர்களுக்கும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்தக்குழாய் விறைத்திருக்கும். மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி அதிகமாகி, சூத்திரம் பிசகும் வாய்ப்பும் கூடும். மெஷினில் அதிகம் காட்டியும், மாத்திரை போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால், நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்ததைவிட மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 குறைந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு நடுக்கம் குறைவான கையில் எடுக்கலாம்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட, அதாவது ரத்தக்குழாய்களை அறுவையில் இணைத்த, கையில் பட்டை கட்டவே கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்ட பக்கமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எந்த எண்ணுக்கு ஓட வேண்டும்?

180/120ஐத் தாண்டி வந்தால், கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பார்வைக் குறைவு இவற்றில் ஏதேனும் இருந்தால், மறுபடி அளந்து நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிகள் இருந்தால் எண் சாதாரணமாக இருந்தாலும் கூப்பிட வேண்டியதுதான். அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பட்டை, கை உயரம், முதுகு எல்லாம் பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடுதல் மாத்திரை ஒன்றை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். போகும்போது நோட்டோடு பட்டையையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு போங்கள்; பட்டையில் அச்சடித்த எண்ணையும் உங்கள் கைச் சுற்றளவையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள், அவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.